மூன்றாவது டின்

"சுருக்கக் கூடாது" என்று அந்த மனிதர் சொன்னபோதே மேஸ்திரிக்கு மனசுக்குள் ஏதோ இடித்தது.

மேஸ்திரி என்றதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாரத்தில் நிற்கிற ஆளை நினைத்துவிடாதீர்கள். இவள் நாற்பத்துநான்கு வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து கட்டடம் கட்டுகிறவள். பெரிய மேஜையில் தண்டவாளம் போட்டு, விரல் நீளத்துக்கு ரயில் விட்டு, அதைச் சுற்றி ஒரு ஊரையே வைத்து ரசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்குத்தான் இவள் வேலை செய்து கொடுக்கிறாள். ஸ்டேஷன், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் செய்வாள். ஆனால் பழைய காலத்துப் பெட்ரோல் பங்க் என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தலையில் கண்ணாடி உருண்டை வைத்த பம்ப், துருப்பிடித்த தகரக் கூரை, சுவரில் எண்ணெய்க் கறை, எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ரயில் கிளப்பில் அவளுக்கு வைத்த பட்டம் தீப்பெட்டி மேஸ்திரி. நாளடைவில் தீப்பெட்டி உதிர்ந்து மேஸ்திரி மட்டும் நின்றுவிட்டது. வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இந்தத் தொழிலில் சுருக்கல் என்று ஒன்று உண்டு. நிஜ ஊரை அளவு மாறாமல் சின்னதாக்கினால்கூட மேஜை கொள்ளாது. அதனால் அறுபது அடி முற்றத்தை நாற்பதாக்குவார்கள், நாலு ஜன்னலை மூன்றாக்குவார்கள், பக்கத்துக் கட்டடத்தைக் கொஞ்சம் நெருக்கி வைப்பார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரும் செய்கிறதுதான், யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

வந்தவர் நிலம் அளக்கிற சர்வேயர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் இரும்பு டேப் வைத்திருந்தார். ஒரு பழைய போட்டோவையும், கட்டம் போட்ட தாள் ஒன்றையும் மேஜைமேல் வைத்தார். போட்டோவில் இரண்டு பம்ப், பின்னால் ஒரு சின்ன ஆபீஸ், இடது பக்கம் ஆயில் டின் அடுக்குகிற தகர அறை. அதையும் தாண்டி இடது ஓரத்தில் ரயில்வே கேட் ரூம் பாதி தெரிந்தது. ரயில் மேஜையில் பங்க் என்றால் கேட் பக்கத்தில்தான் வைப்பார்கள். அதில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பங்க் இப்ப இல்ல. வெறும் அஸ்திவாரம்தான் இருக்கு. நானே போய் அளந்துட்டு வந்தேன். கூரை, ஜன்னல், பெயின்ட் எல்லாம் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணுக்கொண்ணு இருக்கிற தூரம் மட்டும் மாறவே கூடாது. சுருக்கக் கூடாது."

"சார், ஒரு அடிக்கு மூணரை மில்லிமீட்டர் கணக்கு. அப்படியே வச்சா உங்க மேஜையில பாதியை இது ஒண்ணே முழுங்கிடும். ரயிலை எங்க ஓட்டுவீங்க?"

"ரயில் ஓடாட்டி பரவாயில்ல."

மேஸ்திரி பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருஷமாக இந்த ஆட்களோடு மல்லுக்கட்டுகிறாள். வீடு ஒழுகினாலும் பரவாயில்லை, பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை, ரயில் ஓட வேண்டும் என்கிற கூட்டம் அது. ரயில் ஓடாவிட்டால் பரவாயில்லை என்று ஒருத்தர் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அதோடு விட்டாரா? போகும்போது ஹாலில் மாட்டியிருந்த சுவர்க்கடிகாரத்துக்கு முன்னால் நின்றார். நின்றார் என்றால் அப்படியொரு நிற்பு. மணி பார்க்கிறவன் ஒரு நொடியில் பார்த்துவிட்டுப் போவான். இவர் கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, கடிகாரத்துக்கு அடியில் இருந்த பித்தளைத் தகட்டைப் படித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தொண்டையைச் செருமிய பிறகுதான் செருப்பை மாட்டினார்.

"கடிகாரத்தை நோட்டம் விட்டுட்டுப் போறான்" என்றார் வீட்டுக்காரர். அவர் பஸ் டிரைவர். யாரையும் முன்னால் நாலு கண்ணாடி, பின்னால் நாலு கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார். "ஜாக்கிரதையா இரு மேஸ்திரி. மாமா உசுரே அதுலதான் இருக்கு."

அது உண்மைதான். மாமா என்றால் மேஸ்திரியின் அப்பா. ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு. அந்தக் கடிகாரம் ரயில்வே கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டூல் போட்டு ஏறி, தன் கையால் சாவி கொடுப்பார். வேறு யாராவது தொட்டால் அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இன்னொரு குணம். பிழை கண்டுபிடிப்பது. காலண்டரில் அச்சுப்பிழை, பக்கத்து வீட்டு மதிலில் கோணல், டீ ஆறிப்போனது, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தப்பைப் பார்த்தால் திருத்தாமல் கை சும்மா இருக்காது. அதனாலேயே வேலை முடிகிறவரை பின்னறைப் பக்கம் வரக்கூடாது என்று மகள் அவருக்குத் தடை போட்டிருந்தாள். ஒருமுறை அவர் உள்ளே வந்து, ரயில்வே சிவப்பு இது இல்லை என்று மூன்று நாள் வாதாடியதில் அவளுக்குத் தலையே வெடித்துவிட்டது. மற்றபடி சாதுவான மனிதர். மகளை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஒரே ஒரு தடவைதான் கோபப்பட்டார். எட்டாம் வகுப்பில் அவள் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து ஒரு செஸ் செட்டைப் பரிசாகக் கொண்டுவந்தாள். பெட்டியைக்கூடப் பிரிக்க விடாமல் பிடுங்கி, அன்றைக்கே யாருக்கோ கொடுத்துவிட்டார். உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் ஆளைக் கெடுத்துவிடும் என்றார். மேஸ்திரி இரண்டு நாள் அழுதாள்.

மறுநாள் சர்வேயர் போன் செய்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஆயில் ரூமுக்குப் பின்னாடி ரெண்டு டின் வைக்கணும். கவிழ்த்து, உக்கார்ற மாதிரி."

"போட்டோல பின்பக்கமே தெரியலையே சார். டின் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்" என்றார். "அப்புறம், கேட் கீப்பர் பொம்மை ஒண்ணு வேணும். ஆனா அதை எங்கயும் ஒட்டாதீங்க. நானே வச்சுக்கறேன்."

போனை வைத்த பிறகும் மேஸ்திரிக்கு அது அரித்துக்கொண்டே இருந்தது. பின்பக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாத இடத்தில் டின் எதற்கு? அதிலும் கவிழ்த்து எதற்கு? பொம்மையை ஒட்டாதே என்கிறாரே, அது என்ன கூத்து? ஒட்டாத பொம்மை ரயில் போகிற அதிர்வில் விழுந்து உருண்டுவிடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் இவருக்குத்தான் ரயிலே ஓட வேண்டாமே!

சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும் கை வேலையை விடவில்லை. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஆபீஸ் சுவர் எழுப்பினாள். பம்ப்பின் கண்ணாடி உருண்டைக்கு ஒரு வெள்ளைப் பாசிமணி. பெட்ரோல் குழாய்க்குப் பழைய இயர்போன் ஒயரை உரித்துக் கிடைத்த மெல்லிய கம்பி. தகரக் கூரைக்கு மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள்; சீப்பின் பல்லில் வைத்துத் தேய்த்தால் அப்படியே நெளி நெளியாக விழும். துருவுக்கு, நிஜத் துருவையே சுரண்டி எடுத்துப் பசையில் குழைத்துத் தடவினாள். பேனா ரீஃபிலைக் குறுக்கே நறுக்கி டின்கள் செய்தாள். நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நாலைந்து டின் நறுக்கி, அதில் இரண்டை ஆயில் ரூமுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தாள்.

"உன் பங்க்ல பெட்ரோல் இன்னும் பழைய விலைதானே? சொல்லு, பஸ்ஸை அங்கயே விட்டுடறேன்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

"உங்க பஸ் டயரே என் பங்க்கைவிடப் பெரிசு. பேசாமப் போங்க."

ஒரு வாரம் கழித்துச் சர்வேயர் இன்னொரு பழைய போட்டோவைப் போனில் அனுப்பினார். கேட் ரூம் முழுசாகத் தெரிந்தது. மேஸ்திரி வழக்கம்போல விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள். கதவு, பூட்டு, பம்ப் பக்கம் பார்த்த ஒரே ஜன்னல், கதவுக்கு மேல் வெள்ளை பெயின்ட்டில் ஒரு எண். பதினாலு.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்து ஹாலுக்குப் போனாள். அப்பா பேப்பரில் பிழை தேடிக்கொண்டிருந்தார். கடிகாரத்துக்கு அடியில் இருந்த பித்தளைத் தகட்டைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் படித்தாள். துணிச்சலான சேவைக்காக, கேட் எண் 14.

அது அப்பாவின் கேட்.

அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மேஸ்திரி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்தது. கேட்டை ஒட்டியிருந்த பெட்ரோல் பங்க் தீப்பிடித்துவிட்டது. பாசஞ்சர் ரயில் வருகிற நேரம். அப்பா சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடி ரயிலை நிறுத்தினார். அதற்குத்தான் கடிகாரம். கதையின் மறுபாதி விசாரணை. பங்க்கில் பெட்ரோல் போடுகிறவன் பம்ப் பக்கத்தில் நின்று தீக்குச்சி கிழித்ததைக் கேட் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தேன் என்று அப்பா சாட்சி சொன்னார். அந்த ஆள் மூன்று வருஷம் உள்ளே போனான். "என் கண்ணால பார்த்தேன்" என்பது இந்த வீட்டில் சத்தியத்துக்குச் சமம். பென்சில் தொலைந்தாலும், பால் பொங்கினாலும், யார் மேல் தப்பு என்று தீர்ப்பு சொல்ல அப்பாவின் கண் போதும்.

இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே கோட்டுக்கு வந்தன. சுருக்காத தூரம், ரயில் ஓடாத மேஜை, கடிகாரத்தை முறைத்த கண், ஒட்டாத கேட் கீப்பர். இந்த மனுஷன் பொம்மை வாங்க வரவில்லை. அப்பாவுக்குக் குழி வெட்ட வந்திருக்கிறான், அதுவும் என் கையாலேயே! மேஸ்திரிக்குக் கோபத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மறுநாள் காலை ரயில் கிளப்புக்கு வரச்சொன்னாள். வேறு யாரும் வருவதற்கு முன்னால் சர்வேயர் வந்து நின்றார்.

"யாரு சார் நீங்க?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "அந்த பங்க்ல பெட்ரோல் போட்டவரோட மகன்."

"தெரிஞ்சுதான் என்கிட்ட வந்தீங்க, இல்ல?"

"சத்தியமா இல்லம்மா. பங்க்னா நீங்கதான்னு சொன்னாங்க, வந்தேன். உங்க வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது. வேற ஆள்கிட்ட போயிடலாமான்னு யோசிச்சேன். ஆனா இது உங்க கையிலிருந்து வந்தா யாரும் மறுத்துப் பேச முடியாது பாருங்க."

"மறுத்துப் பேச என்ன இருக்கு? எங்கப்பா பொய் சொன்னார்னு நிரூபிக்கணும், அதானே?"

"உங்கப்பாவோ, எங்கப்பாவோ. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்லியிருக்கணும்." சர்வேயர் டேப்பைப் பையிலிருந்து எடுத்து இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். "'தீப்பிடிச்சப்ப நான் கேட் கீப்பரோட சேர்ந்து ஆயில் ரூம் பின்னாடி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உக்காந்திருந்தேன்.' இதுதான் எங்கப்பா சொல்றது. நாப்பத்து நாலு வருஷமா இதே ஒரு வரி. அதுக்கு மேல கேட்டா வாயைத் திறக்க மாட்டார். பள்ளிக்கூடத்துல என்னைத் தீ வச்சவன் மகன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் அப்படித்தாம்மா நினைச்சேன். அவர் சொன்னதை ஒரு தடவைகூட நான் நம்பினதில்ல. மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். இப்ப அவருக்கு எழுபத்தெட்டு. நான் நம்பாமப் போனது தப்பான்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம். கேஸ், கோர்ட் எதுவும் இல்ல."

மேஸ்திரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கோபத்தை விட்டால் இரக்கம் வந்துவிடும் போலிருந்தது, அதனால் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு நாலு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போங்க. அதோட நம்ம கணக்கு முடிஞ்சுது."

"அப்பாவும் வரேன்னு சொல்றார். காரிலேயே இருப்பார். உள்ள வர மாட்டார்."

வீட்டுக்கு வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்தினாள். அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தார். செய்து வைத்திருந்த கேட் ரூமை அளவு பார்த்து அதன் இடத்தில் ஒட்டினாள். பிறகு தையல் பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு நூலை எடுத்தாள். ஒரு நுனியைக் கேட் ரூம் ஜன்னலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியைப் பம்ப்பின் அடிக்கு இழுத்தாள். பார்வை எப்படிப் போகுமோ அப்படித்தானே நூலும் நேராகப் போக வேண்டும்.

போகவில்லை. நூல் ஆயில் ரூமின் மூலையில் முட்டி வளைந்தது.

இன்னொரு பம்ப்புக்கு இழுத்தாள். அதுவும் முட்டியது. ஜன்னலின் இந்த ஓரம், அந்த ஓரம், மேல் விளிம்பு, எல்லாவற்றிலிருந்தும் இழுத்துப் பார்த்தாள். சர்வேயரின் தாளை எடுத்து எல்லாத் தூரத்தையும் முதலிலிருந்து அளந்தாள். ஒன்றிலும் பிழை இல்லை. அந்த ஜன்னலிலிருந்து பம்ப்பைப் பார்க்க முடியாது. பெட்ரோல் போடுகிறவனின் தொப்பிகூடத் தெரியாது.

ஹாலில் கடிகாரம் இரண்டு அடித்தது. மேஸ்திரிக்கு அழுகை வந்தது. அப்பாவா? பால்காரன் ஒரு நாள் அதிகமாக ஊற்றிவிட்டான் என்று துரத்திக்கொண்டு போய்ச் சொன்ன அப்பாவா? இருக்காது. சர்வேயர் தாளில் ஏதோ விளையாடியிருக்கிறான். அளந்தது அவன்தானே, எழுதியது அவன்தானே, எந்த எண்ணை எங்கே மாற்றினானோ யார் கண்டது! இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் போட்டோவில் நிழல் விழுந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஆயில் ரூமின் நிழல் பம்ப் மேடையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தாள் பொய் சொல்லலாம், நிழல் எப்படிச் சொல்லும்?

பத்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கத்தி முனையால் ஆயில் ரூமைப் பெயர்த்தாள். ஒன்பது மில்லிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தாள். நிஜத்தில் இரண்டரை அடிதான். நூலை இழுத்தாள். ஜன்னலிலிருந்து பம்ப்புக்கு ஓடி நேராக நின்றது.

சுருக்கல்தானே, எல்லோரும் செய்கிறதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபது வருஷத்தில் அந்த வார்த்தை அவள் வாயில் கசந்தது அன்றைக்குத்தான். அடியில் ஒரு சொட்டுப் பசை மட்டும் வைத்து, எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியால் மூடினாள். அன்று அப்பாவின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்குப் பார்சல் கட்டத் தெர்மோகோல் வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பின்னறைக் கதவு திறந்திருந்தது.

அவளுடைய நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். பூதக்கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. கையில் இடுக்கி. அட்டைப் பெட்டி தரையில் கிடந்தது.

"அப்பா! வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"வந்ததாலதான் ஆச்சு" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அடேயப்பா, அந்த மூலையில கூரை ஓட்டையைக்கூட விடலையே நீ! அச்சு அசல்ம்மா. ஆனா ஆயில் ரூமைத் தப்பா வச்சிருந்தே. இவ்வளவு தள்ளியா இருக்கும்? பம்ப் மேடையை இடிச்சுக்கிட்டு நிக்கும் அது. நான் சரிபண்ணி வச்சுட்டேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். ஆயில் ரூம் பழைய இடத்தில் நின்றது. டேப் இல்லை, தாள் இல்லை. ஒன்பது மில்லிமீட்டரை அந்தக் கண் துல்லியமாகத் திருப்பி வைத்திருந்தது.

"அப்புறம் இந்த டின். ரெண்டு வச்சா எப்படி? மூணும்மா. இந்தா, ஓரத்துல கிடந்ததுல ஒண்ணு எடுத்துக்கிட்டேன்." இடுக்கியால் மூன்றாவது டின்னை இரண்டுக்கும் நடுவில் வைத்தார். "உக்கார ரெண்டு, நடுவுல ஒண்ணு. இல்லன்னா பலகையை எது மேல வைக்கிறது?"

"எந்தப் பலகைப்பா?"

"செஸ் பலக..."

இடுக்கி அப்படியே நின்றது. அப்பாவின் முகத்திலிருந்து சந்தோஷம் மெல்ல வடிந்தது. மகளைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார்.

"இதை யாரும்மா செய்யச் சொன்னது?"

"அவரோட மகன்." மேஸ்திரி தெர்மோகோலைக் கீழே வைத்தாள். "ஜன்னல்லேருந்து பம்ப் தெரியலப்பா. நூல் பிடிச்சுப் பார்த்தேன். அதான் நகர்த்தி வச்சேன். உங்களுக்காகத்தான் நகர்த்தி வச்சேன். ஏம்ப்பா வந்து தொட்டீங்க?"

அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தினமும் மத்தியானம் ஆடுவோம். ஒரு காயை நகர்த்த அஞ்சு நிமிஷம் யோசிப்பான். அன்னைக்கு நான் ஜெயிக்கிற நேரம். ரயில் வர்ற நேரத்தையே மறந்துட்டேன். குப்புன்னு சத்தம் கேட்டுச்சு, எழுந்து ஓடினேன். எப்படிப் பிடிச்சுதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ரயிலை நிறுத்தினது நிஜம். அது மட்டும் நிஜம். விசாரணையில, நீ எங்க இருந்தேன்னு கேட்டாங்க. ட்யூட்டில ரூமை விட்டுட்டு செஸ் ஆடினேன்னு சொன்னா வேலை போயிடும். நீ கைக்குழந்தை. ரூம்லதான் இருந்தேன்னு சொன்னேன். ரூம்ல இருந்தா என்ன பார்த்தேன்னு அடுத்த கேள்வி வந்துச்சு. எதையாவது பார்த்தாகணுமே."

"அவர் உங்களோட இருந்தேன்னு சொன்னாராமே?"

"சொன்னான். உக்காந்திருந்தோம்னு மட்டும் சொன்னான். ஆடினோம்னு அவன் ஒரு வார்த்தை சொல்லல. சொன்னா என் வேலை போயிடும்னுதான் சொல்லல." அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. "நான் என்ன சொன்னேன் தெரியுமா? இந்த ஆளை எனக்குப் பழக்கமே இல்லைன்னேன். அவன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னான்."

வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து ஹால் ஜன்னலுக்குப் போனார். சர்வேயர் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். முன் சீட்டில் ஒரு நரைத்த தலை அசையாமல் இருந்தது.

அப்பா பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு பின்னறைக்கே திரும்பி வந்தார்.

"அப்பா, நீங்க ரூமுக்குள்ள போங்க. எதையாவது சொல்லி நான் அனுப்பிடறேன்" என்றாள் மேஸ்திரி. அவள் கண் ஆயில் ரூம் மேல் போனது. ஒரு விரல் போதும், இன்னொரு தடவை தள்ளிவிடலாம்.

அப்பா இடுக்கியால் கேட் கீப்பர் பொம்மையை எடுத்தார். ஆயில் ரூமுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது பக்கத்து டின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பசை போடும்மா."

"ஒட்ட வேண்டாம்னு அவர் சொன்னார்ப்பா."

"ஒட்டு. இதுக்கப்புறம் நகரவே கூடாது."

ஊசி முனையில் ஒரு துளிப் பசை எடுத்து அவள் வைத்தாள். அழைப்பு மணி அடித்தது. பசை பிடிக்கிறவரை அப்பா கையை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை மணி அடித்தபோது மேஸ்திரி எழுந்தாள். அப்பா அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"நீ இரும்மா" என்றார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே. "கேட்டைத் திறக்கிறது என் வேலை."